'பொம்பளைன்னா அப்படித்தான்!'

(இரண்டாம் ஆண்டு மாணவி, மின்னியல் துறை)

மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு அண்ணன்மார் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, "பெண்கள் முன்னேற்றம் பத்தி எழுதும்மா, கவிதையா இருந்தா இன்னும் நல்லது" என்றார்கள். கவிதை எனக்கு வராது. முன்னேற்றம் பற்றி எழுத ஆசைதான். ஆனால் எங்கள் வீட்டில் இப்போது பிரச்சினை தலையில் இருக்கிறது. தலை என்றால் தலைவலி மட்டும் இல்லை. மூளை, மனசு, ஞாபகம், தூக்கம் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்க வீட்டுப் பெண்கள் மூன்று பேரைப் பற்றி எழுதப் போகிறேன். தோழர்களே, தோழியரே, உங்கள் வீட்டிலும் இவர்களில் ஒருத்தியாவது இருப்பாள். அவளுக்கு வந்திருப்பது நோய் என்று உங்களுக்குத் தெரியாமல்கூட இருக்கலாம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆச்சி பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள்.

ஆச்சியிடமிருந்து ஆரம்பிக்கிறேன். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் "ஏட்டி, சாப்பிட்டியா?" என்பாள். "சாப்பிட்டேன் ஆச்சி" என்பேன். பையை இறக்கி வைக்கிறதுக்குள் மறுபடியும் "ஏட்டி, சாப்பிட்டியா?" ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். விளக்கு வைக்கிறதுக்குள் பதினொரு தடவை. முதலில் நாங்கள் சிரித்தோம். "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று தெருவே சொன்னது. அப்புறம் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். "என் கம்மலை எடுத்து ஒளிச்சு வச்சிட்டா" என்று அம்மாவோடு சண்டைக்கு நின்றாள். கம்மல் அவள் காதிலேயே இருந்தது. ஒரு நாள் மத்தியானம் ஆளையே காணோம். அப்பா தேடிப் போய் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தார். கல்யாணத்துக்கு முன் இருந்த ஊருக்கு எந்த பஸ் போகும் என்று செருப்பில்லாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போனோம். அவர் தைராய்டு, பி12 வைட்டமின், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை எல்லாம் பார்த்தார். காது கேட்கிறதா என்று பார்த்தார். மனச்சோர்வு இருந்தாலும் மறதி வருமாம், அதையும் விசாரித்தார். இவற்றால் வருகிற மறதியை மருந்தால் சரிசெய்ய முடியும் என்பதால்தான் இத்தனை சோதனை. "வயசு" என்று சொல்லி வீட்டிலேயே உட்கார வைத்தால் சரியாகக் கூடியதும் சரியாகாமல் போகும். ஆச்சிக்கு அதெல்லாம் இல்லை. "இது வயசு இல்லை, வியாதி" என்றார். டிமென்ஷியா என்கிற மறதி நோய். முழுசாகக் குணமாக்க மருந்து கிடையாது. கொஞ்ச நாள் தாங்கிப் பிடிக்கலாம், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக 2023-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. 2024-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. அவற்றைச் சரிசெய்தால் இந்த நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது கேளாமை, மனச்சோர்வு, தனிமை, காற்றில் கலந்த புகை எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. அதில் ஒன்றைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இளம் வயதில் படிப்பு குறைவாக இருப்பதும் ஒரு காரணமாம்!

நம்ம பாஷையில் சொன்னால் சுலபமாகப் புரியும். ரேடியல் ஃபீடரில் ஓர் இடத்தில் பழுது வந்தால் அதற்கப்பால் உள்ள வீடெல்லாம் இருட்டு. ரிங் மெயினில் அப்படி இல்லை, மறுபக்கமிருந்து சப்ளை வந்துவிடும். படிக்கப் படிக்க மூளைக்குள் அந்த மாதிரி மாற்றுவழிகள் பெருகுகின்றன என்கிறார்கள். பின்னால் ஒரு பாதை கெட்டாலும் இன்னொன்று கொஞ்ச வருஷம் தாங்கும். எங்க ஆச்சிக்கு ஏழு வயதில் யாரோ "பொட்டப்பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு" என்று சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. ஆச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள்.

சரி, ஆச்சியை யார் பார்த்துக்கொள்வது? இங்கேதான் எங்கள் வீட்டில் பெரிய ரகளை ஆகிவிட்டது. என் தங்கச்சி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எங்க மாமா வந்து உட்கார்ந்து, "பெரியவ காலேஜ் போறா. சின்னவ வீட்டுல இருந்து கிழவியப் பாத்துக்கட்டும். ரெண்டு பேரும் படிச்சு என்ன கலெக்டரா ஆகப் போறாளுவ?" என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அம்மாகூடப் பீடித் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தங்கச்சி என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை மறக்க முடியாது. நான் படிக்க வந்ததற்கு விலையாக அவளை நிறுத்தப் போகிறார்கள்.

அன்றைக்கு ராத்திரி நான் போட்ட சத்தம் எனக்கே ஆச்சரியம். "ஆச்சியப் படிக்க வைக்காததுக்கு இப்ப நாம படறோம். அதே தப்பை இவளுக்கும் செஞ்சா இவளுக்கு அறுபது வயசாகும்போது யாரை நிறுத்துவீங்க?" என்று கேட்டேன். அப்பாவுக்கு லான்செட் எல்லாம் புரியவில்லை. கணக்கு புரிந்தது. அரசுப் பள்ளியில் படித்ததால் எனக்கு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது; அதில்தான் பரீட்சைக் கட்டணமும் டிராயிங் சாமானும் வாங்குகிறேன். "அவளும் டிப்ளமோ சேர்ந்தா அவளுக்கும் வரும்" என்றேன். கடைசியில் அப்பா நைட் ஷிப்ட் வாங்கிக்கொண்டார். பகலில் அவர் காவல். சாயங்காலம் நாலு முதல் ஆறு மணி வரை என் தம்பி. "பசங்க சிரிப்பாங்க, கிழவிக்குத் துணை போறது பொம்பள வேலை" என்று ஒரு வாரம் முறுக்கினான். இப்போது அவன்தான் ஆச்சியைக் கையைப் பிடித்து நடக்கக் கூட்டிப் போகிறான். அவனைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அவனும் பதில் சொல்கிறான்.

பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்குச் சரியான தூக்கம் கிடையாது. பகலில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் எங்க ஊர்ப் பக்கம் எதுவும் இல்லை.

அடுத்தது என் சித்தி. எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவளுக்கு முதல் பிரசவம். ஐந்தாம் நாளிலிருந்து தூங்கவில்லை. விடிய விடியப் பேசினாள். "இது என் பிள்ளை இல்ல, மாத்திட்டாங்க" என்றாள். சுவரைப் பார்த்து யாரிடமோ பதில் சொன்னாள். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? 'காத்து கருப்பு அண்டிவிட்டது!' ஒரு இடத்துக்குக் கூட்டிப் போய், வேப்பிலையால் அடித்து, மூன்று நாள் பட்டினி போட்டார்கள். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால். சித்தியின் கையில் கயிறு இறுகிய தடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அது பேய் இல்லை. பிரசவம் ஆன ஆயிரம் பெண்களில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், வருகிற கடுமையான மனநோய். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம் அது. தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து உண்டு. ஒழுங்காக மருந்து கொடுத்தால் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். அந்த ஊர் நர்ஸம்மா ஒருத்தர் வந்து சண்டை போட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதால் சித்தி பிழைத்தாள். இரண்டு மாதத்தில் பழைய சித்தி. அந்தப் பிள்ளை இப்போது நாலாம் வகுப்பு. எங்க தெருவில் இன்னும் சிலர் அவளை 'பேய் பிடிச்சவ' என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். நோய் போய்விட்டது, பேர் போகவில்லை.

இவ்வளவு கடுமையாக இல்லாமல், அழுகையும் அசதியும் 'எதுக்கு இருக்கோம்' என்கிற எண்ணமுமாக வருகிற பிரசவ மனச்சோர்வு இன்னும் அதிகம். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்து 2017-இல் கணக்கிட்டபோது நூறு தாய்மாரில் 22 பேருக்கு அது இருந்தது. நம்ம ஊரில் அதற்குப் பேர் 'திமிர்'. "பெத்த பிள்ளைய தூக்க மாட்டேங்கா பாரு!"

கட்டிப் போடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. நாம் யாரும் அப்போது பிறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இன்றைக்கு 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இருக்கிறது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய் சிகிச்சைக்குச் சேர்ந்தால் சாதாரணமாகக் குழந்தையை அவளிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறத் தனிப் பிரிவு உண்டு. சட்டம் வேப்பிலைக்காரருக்குத் தெரியுமா என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, அம்மா. அவளுக்கு ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். நாளைக்கு எழுநூறு பீடி சுற்றுகிறாள், சமைக்கிறாள், தண்ணீர் பிடிக்கிறாள். தலைவலி வந்தால் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். ஒரு வருஷமாக ராத்திரி தூக்கமில்லை. திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிறது. சின்ன விஷயத்துக்கு அழுகிறாள், இல்லையென்றால் எரிந்து விழுகிறாள். "உங்கம்மாவுக்கு என்னடே ஆச்சு?" என்றால் அப்பாவே சொல்லும் பதில்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு. மாதவிலக்கு நிற்கப் போகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் ஏறி இறங்கும். அது மூளையில் தூக்கம், உடம்புச் சூடு, மனநிலை எல்லாவற்றையும் தொடும். ரத்தசோகை வேறு. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. உடம்பு எடையில் 2 சதவீதம்தான் மூளை. எடுத்துக்கொள்ளும் சக்தியோ 20 சதவீதம். ரத்தம் குறைந்தால் முதலில் எங்கே தெரியும்?

அந்த 53-இல் நாமும் இருக்கிறோம் தோழியரே. பள்ளியில் வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்களே, நான் அதை விழுங்குவதுபோல் நடித்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தவள். வயிறு பிரட்டும் என்று பயம். சாப்பிட்ட பிறகு போட்டால் அவ்வளவு பிரட்டாது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மாணவத் தோழர்கள் இதற்குள் "ஆம்பளைக்கு மனசே இல்லையா?" என்று கேட்டிருப்பீர்கள். இருக்கிறது. நம் நாட்டில் தற்கொலையில் சாகிற ஆண்கள் பெண்களைவிட அதிகம் என்பதும் உண்மை. ஆனால் இதையும் பாருங்கள்: 2016-இல் உலகம் முழுக்கத் தற்கொலையால் இறந்த பெண்களில் நூற்றுக்கு 37 பேர் இந்தியப் பெண்கள். உங்கள் மனசுக்கு ஒரு டீக்கடை இருக்கிறது, கிரவுண்டு இருக்கிறது, ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியே போய் நின்று பேச ஒரு நண்பன் இருக்கிறான். எங்க அம்மாவுக்கு என்ன இருக்கிறது, பீடித் தட்டைத் தவிர?

மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கை மூன்று. மன உதவிக்கு 14416 என்கிற இலவச எண் இருக்கிறது. 2022 முதல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். அதை நோட்டீஸ் போர்டிலும் மாணவிகள் ஓய்வறையிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை ரத்ததான முகாம் நடத்துகிறோமே, அதே நாளில் மாணவிகளுக்கு ரத்தப் பரிசோதனை வைக்கச் சொல்லுங்கள். போன முறை கொடுக்க வந்த எங்கள் வகுப்புப் பெண்கள் ஐந்து பேரில் நாலு பேரை "ரத்தம் பத்தாது" என்று திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாவது, வாரம் ஒரு நாளாவது ஒரு மனநல ஆலோசகர் இங்கே வந்து உட்கார முதல்வரிடம் மனு கொடுங்கள். அரியர் விழுந்தால் மட்டும் அழுகிறவர்கள் இல்லை நாங்கள்.

செயலாளர் அண்ணனிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன். "அடுத்த கூட்டத்துல வைக்கிறேம்மா" என்றார். கூட்டம் என்றைக்கு என்று தேதி கேட்டிருக்கிறேன்.