மரை கழண்ட கதை

போன வாரம் ஒரே ஒரு போல்ட்டுக்காக எனக்கும் அப்பாவுக்கும் ஃபோன்ல சண்டை. சிரிக்காதீங்க மக்களே, நிஜமாத்தான்.

ஒஹாயோவுல பஸ்ஸை நம்பினா வகுப்புக்குப் போய்ச் சேர முடியாதுன்னு போன செமஸ்டர்ல ஒரு பழைய ஹோண்டா ரெபல் 250 வாங்கினேன். 2007 மாடல், நான் மூணாவது ஓனர். இங்கே மெக்கானிக் கூலி மணிக்கணக்குல. நமக்கு வர்ற டி.ஏ. சம்பளத்துக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. ஆகவே அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல மெக்கானிக்கும் நானே, அல்லக்கையும் நானே.

முன் பிரேக் பேட் மாத்தலாம்னு காலிப்பரைக் கழட்ட உட்கார்ந்தேன். அதைப் பிடிச்சிட்டிருக்கிறது ரெண்டே ரெண்டு போல்ட். மேல் போல்ட்ல 12 ஸ்பேனர் கச்சிதமா உட்கார்ந்தது. கீழ் போல்ட்ல 12 நுழையவே மாட்டேங்குது, 13 போட்டா லொடலொடன்னு ஆடுது. அப்பவே வயித்துல புளியைக் கரைச்சுது. ஜப்பான் வண்டியில 8 மி.மீ. போல்ட்டுக்குத் தலை பெரும்பாலும் 12 தான். 12க்கும் 13க்கும் நடுவுல இருக்குன்னா அது 12.7, அதாவது அரை இஞ்ச். யாரோ ஒரு புண்ணியவான் 5/16 இஞ்ச் போல்ட்டைத் திணிச்சிருக்கார்.

5/16 இஞ்ச்னா 7.94 மி.மீ. எட்டு மி.மீ. போல்ட் பக்கத்துல வெச்சா கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வம்பு மரையிலதான். எட்டு மி.மீ. போல்ட்ல ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 1.25 மி.மீ. இந்த ஊர் போல்ட்ல இஞ்சுக்கு 18 மரை, அதாவது 1.41 மி.மீ. முதல் ரெண்டு சுத்து சமர்த்தா போகும். அப்புறம் இறுகும். "ஆஹா, நல்லா டைட் ஆயிடுச்சு"ன்னு நினைச்சுப்போம். உண்மையில அது உள்ளே இருக்கிற அலுமினிய மரையை மென்னுட்டிருக்கு. கழட்டினப்போ போல்ட்டோட சேர்ந்து வெள்ளி நூல் மாதிரி அலுமினியச் சுருள் வந்தது. தலையில ஒரு கோடு கூட இல்லை. இஞ்ச் போல்ட்ல கோடே இல்லைன்னா ரொம்ப சாதா தரம்; மூணு கோடு, ஆறு கோடு போட்டதுதான் உறுதியானது. மூணு மாசமா இதை நம்பி ரூம்மேட்டைப் பின்னாடி உட்கார வெச்சு மளிகைக் கடைக்குப் போயிட்டு வந்திருக்கேன்.

இதைச் சொன்னா அப்பா, "ஒரு போல்ட்டுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? நம்ம முக்குக் கடையில டப்பாவைக் கவுத்து ஒண்ணைப் பொறுக்கிப் போட்டு அனுப்பிடுவான்டா" என்கிறார். அங்கேதான் எனக்குக் கோபம். நம்ம ஊர் டப்பா வேலை செய்யுதுன்னா, அதுல கிடக்கிறதெல்லாம் ஸ்ப்ளெண்டரும் பல்சரும் டி.வி.எஸ்.ஸும் கழட்டிப் போட்டது, எல்லாம் மி.மீ. கணக்கு. (பழைய புல்லட்காரங்க சண்டைக்கு வராதீங்க, உங்க பிரிட்டிஷ் மரை தனி வேதாந்தம்.) இங்கே ஹார்டுவேர் கடையில இஞ்சும் மி.மீ.யும் பக்கத்துப் பக்கத்து டிராயர். எடுத்துப் பார்த்தவன் மாத்தி வேற வெச்சுட்டுப் போவான். டப்பா புத்தியை இங்கே கொண்டு வந்தா மரை கழண்டுதான் போகும், ரெண்டு அர்த்தத்துலயும்.

அதுக்காக எல்லா போல்ட்டையும் ஹோண்டா டீலர்கிட்டயே வாங்குன்னு சொல்றவங்களோடயும் எனக்கு ஒத்துப்போகலை. ஹோண்டா பார்ட் நம்பரைப் படிக்கத் தெரிஞ்சா போதும். 95701-06020-00னா 6 மி.மீ. தடிமன், 20 மி.மீ. நீளம், சாதாரண ஃப்ளாஞ்ச் போல்ட். நம்பர்லயே அளவு இருக்கு. சைடு கவர் மாதிரி இடத்துக்கு இதே அளவுல, தலையில 8.8னு போட்ட போல்ட் எங்கே வாங்கினாலும் சரி. நம்பர் 90ல ஆரம்பிச்சா உஷார், அது அந்த இடத்துக்குன்னே செஞ்சது. பிரேக், சக்கரம் பக்கம் அப்படி இருந்தா பேரம் பேசாம டீலர்கிட்ட போயிடுங்க. கூட நாலு டாலர் ஆகுமா? ஆகட்டுமே.

"துருவே பிடிக்காது, எல்லாத்தையும் ஸ்டெயின்லெஸ்ஸா மாத்திடு"ன்னு ஒரு கோஷ்டி இருக்கு. பளபளன்னு இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா வழக்கமா கிடைக்கிற ஏ2-70 ஸ்டெயின்லெஸ், 8.8ஐ விட உறுதி கம்மி. அலுமினியத்துக்குள்ள சும்மா போட்டா ஈரம் பட்டு அலுமினியம் அரிச்சு அப்படியே பிடிச்சுக்கும். அழகு வேணும்னா நம்பர் பிளேட்டுக்குப் போட்டுக்கோங்க.

என் வண்டிக்குக் கடைசியில ஹெலிகாயில்தான் வழி. கெட்டுப்போன மரையைத் துளை போட்டு எடுத்துட்டு, புதுசா மரை வெட்டி, ஸ்பிரிங் மாதிரி ஒரு கம்பிச் சுருளை உள்ளே இறக்கணும். அப்புறம் பழையபடி எட்டு மி.மீ. போல்ட்டே பொருந்தும். டிரில்லைப் பிடிக்கும்போது கை நடுங்கினது எனக்குத்தான் தெரியும். டீலர்கிட்ட வாங்கின புது போல்ட் விரலாலேயே கடைசி வரைக்கும் சுத்திப் போச்சு பாருங்க, தீசிஸ் புரொபோசல் ஓகே ஆனப்போ கூட அவ்ளோ சந்தோஷம் இல்லை.

ரூம்மேட்கிட்ட இன்னும் எதுவும் சொல்லலை. அவன் குண்டூர்க்காரன், தமிழ் படிக்கத் தெரியாதுங்கிற தைரியத்துலதான் இங்கே எழுதறேன் :-)