பிள்ளையின் ஆட்டமும் பிறர் பாட்டும்



மும்பையின் சிவாஜி பார்க், ஆசாத் மைதானம் போன்ற திடல்களிலும், புனே, டில்லி, பெங்களூரு நகரங்களின் பள்ளி வளாகங்களிலும் நம் பிள்ளைகள் கிரிக்கெட்டும் கால்பந்தும் கபடியும் ஆடுகிறதைக் கைப்பேசியில் படம்பிடிக்காத பெற்றோர் இன்று அரிது. விடுமுறை நாட்களில் சபை வாலிபர்களுக்காக நடத்தப்படும் போட்டிகளும் அவ்வாறே பதிவுசெய்யப்படுகின்றன. மகன் பிடித்த கேட்சுகளையும் மகள் அடித்த கோல்களையும் ஒன்றாய்க் கோத்து, இரண்டு நிமிடப் படமாக்கி, அதற்கு விறுவிறுப்பான பாட்டு ஒன்றைச் சேர்த்து, ஊரிலிருக்கும் தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் அனுப்புகிறோம். பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து பிழைக்கிற குடும்பங்களுக்கு இத்தகைய படங்கள் எவ்வளவு அருமையானவை என்று சொல்லத் தேவையில்லை.

அதே படத்தை யூடியூபில் ஏற்றும்போதுதான் சிக்கல் எழும்புகிறது. சில நிமிடங்களுக்குள் உரிமைகோரல் அறிவிப்பு வந்து நிற்கிறது. சில படங்களின் ஒலி முடக்கப்படுகிறது. சில படங்கள் முற்றிலும் மறைக்கப்படுகின்றன. "படம் நான் எடுத்தது, ஆடியவன் என் மகன், பாட்டையும் காசு கொடுத்துத்தான் கேட்கிறேன், இதில் தவறென்ன?" என்று கேட்கிற பெற்றோர் அநேகர். நியாயமான கேள்விதான். அதற்குரிய பதிலை இம்மாதம் சற்று நிதானமாய்ப் பார்ப்போம்.

பாட்டு யாருடையது?

ஒரு பாட்டை நாம் ஒரே பொருளாகக் கேட்கிறோம். சட்டமோ அதனைப் பல பொருள்களாகக் காண்கிறது. சொற்களை எழுதியவர் ஒருவர், மெட்டை அமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர், பணம் செலவிட்டு ஒலிப்பதிவு செய்த நிறுவனம் வேறு. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமைகளை வழங்குகிறது. ஒரு பாட்டின் சொல்லையோ இசையையோ ஒரு படத்தில் சேர்க்கலாமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதன் உரிமையாளருக்கே உண்டு என்று அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு கூறுகிறது. குறுந்தகடு வாங்குகிறவரும் மாதச் சந்தா செலுத்துகிறவரும் கேட்கும் உரிமையையே பெறுகிறார்கள். வேறொரு படத்தோடு அதை இணைக்கும் உரிமையை அல்ல. ஒரு புத்தகத்தை வாங்கியவர் அதனை அச்சடித்து விநியோகிக்க உரிமை பெறாததுபோலவே இதுவும்.

இவ்வுரிமை நெடுங்காலம் நீடிக்கிறது. கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் உண்டு. 1990-இல் மறைந்த ஒரு கவிஞரின் சொற்கள் குறைந்தது 2050-ஆம் ஆண்டு முடியும்வரை பாதுகாக்கப்பட்டவை. ஒலிப்பதிவுக்கோ வெளிவந்த ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள். ஆதலால் பழைய பாட்டு என்றாலே எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணலாகாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகளின் சொற்களை யாவரும் தாராளமாய்ப் பயன்படுத்தலாம். ஆனால் அக்கீர்த்தனை ஒன்றை 2010-இல் ஒரு பாடகர் பாடி வெளியிட்டிருந்தால், அந்த ஒலிப்பதிவு 2070 முடியும்வரை உரிமையாளருக்கே சொந்தம். சொல் பழையது, குரலும் பதிவும் புதியவை.

உரிமை என்றவுடன் பெரிய நிறுவனங்கள் மாத்திரமே நம் கண்முன் வருகின்றன. அதன் பின்னால் நிற்கும் மனிதர்களையும் நினைக்கவேண்டும். திரைப்படத்துக்காகப் பாட்டு எழுதினவர்களும் இசையமைத்தவர்களும் நெடுங்காலம் ஒருமுறைக் கூலியோடு அனுப்பப்பட்டார்கள். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பாட்டின் முதல் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாட்டு நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருக்க, அதை எழுதியவருக்கு அதிலிருந்து ஒன்றும் வராத நிலையும் இருந்தது. 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. கவிஞரும் மாநிலங்களவை உறுப்பினருமாயிருந்த ஜாவேத் அக்தர் அதற்காக அவையில் வாதாடினார். திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது கிடைக்கும் வருமானத்தில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டென்றும், அதை அவர்கள் விட்டுக்கொடுக்கும்படி ஒப்பந்தம் எழுதினாலும் செல்லாதென்றும் அத்திருத்தம் உறுதிசெய்தது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இல்லாத தொழில் அது. அந்தச் சிறு பங்குகள் சேர்ந்தே ஒரு கலைஞனின் முதுமைக்கு ஆதாரமாகின்றன.

வீட்டுக்குள்ளும் வீட்டுக்கு வெளியேயும்

சட்டம் குடும்பத்தின் மகிழ்ச்சிக்கு விரோதமானதன்று. தனிப்பட்ட சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் ஒரு படைப்பைக் கையாளுவது மீறுதல் ஆகாது என்று 52-ஆம் பிரிவு கூறுகிறது. பிள்ளையின் ஆட்டத்துக்குப் பாட்டுச் சேர்த்து வீட்டாரோடு அமர்ந்து பார்ப்பதற்கு இங்கே இடமுண்டு. அதே படத்தை உலகமே பார்க்கும்படி வெளியிடும்போது அது சொந்த உபயோகம் என்னும் எல்லையைக் கடந்துவிடுகிறது.

இவ்விடத்தில் சில தவறான எண்ணங்களை நீக்கிக்கொள்வது நல்லது. முப்பது விநாடிக்குள் இருந்தால் குற்றமில்லை என்பார்கள். நம் சட்டத்தில் அப்படிப்பட்ட விநாடிக் கணக்கு எதுவும் இல்லை. வருமானம் கருதாமல் வெளியிட்டேன் என்பது தண்டனையைக் குறைக்கலாமே அன்றி அனுமதியாகாது. உரிமை முழுவதும் உரியவர்களுக்கே என்று அடியில் எழுதிவைத்தாலும் பயனில்லை. பிறன் பொருளை எடுத்து, அதன்மேல் அவன் பெயரை எழுதிவைத்தால் எடுத்தது சரியாகிவிடுமா?

இன்னொன்றையும் நம்முடைய வாசகர்கள் குறிப்பாய் அறிந்துகொள்ளவேண்டும். மெய்யான மதச் சடங்கின்போது ஒரு பாட்டைப் பாடுவதும் ஒலிக்கச்செய்வதும் மீறுதல் ஆகாது என்று அதே 52-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. அதைக் கேள்விப்பட்டு, சபையில் பாடுகிற பாட்டுதானே, போட்டிப் படத்திலும் சேர்க்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆராதனையில் பாடுவது வேறு. விளையாட்டுப் படத்தோடு இணைத்து வெளியிடுவது வேறு. அந்த விலக்கு இதுவரை நீளாது. பக்திப் பாடல்களை எழுதியவர்களுக்கும் பாடியவர்களுக்கும் குடும்பங்கள் உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் வாத்தியக்காரர்களுக்கும் அவர்களும் பணம் கொடுத்தே பதிவுசெய்கிறார்கள்.

வேண்டுமென்றே மீறுகிறவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க 63-ஆம் பிரிவு வழிசெய்கிறது. வியாபார லாபத்துக்காக அல்லாத மீறுதலில், காரணங்களை எழுதிவைத்து, நீதிமன்றம் இதனைக் குறைக்கவும் கூடும். பெற்றோரைச் சிறையைக் காட்டி அச்சுறுத்துவது இங்கே நோக்கமன்று. சட்டம் இதைச் சிறிய காரியமாய் எண்ணவில்லை என்பதை அறிந்தால் போதும்.

அமெரிக்காவில் 2007-இல் ஒரு தாய், பிரின்ஸ் என்னும் பாடகரின் பாட்டு பின்னணியில் ஒலிக்கத் தன் குழந்தை சமையலறையில் ஆடியதை 29 விநாடி படமெடுத்து யூடியூபில் ஏற்றினார். யுனிவர்சல் இசை நிறுவனம் அதை நீக்கும்படி கேட்டது. அத்தாய் நீதிமன்றம் சென்றார். நீக்கக் கோருமுன் அது நியாயமான உபயோகமா என்று உரிமையாளர் யோசிக்கவேண்டும் என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2018-இல் இருதரப்பும் சமரசமாயின. வீட்டில் தற்செயலாய் ஒலித்த பாட்டுக்கே பதினோர் ஆண்டு வழக்கு! அதுவும் அந்நாட்டுச் சட்டத்தின்படி நடந்தது. நம் சட்டமோ, படத்தில் தற்செயலாய் இடம்பெறும் ஓவியம், சிற்பம் போன்ற கலைப்பொருள்களுக்கு வெளிப்படையாய் விலக்கு அளிக்கிறது. இசைக்கு அத்தகைய விலக்கை அங்கே சொல்லவில்லை. ஆதலால் கபடித் திடலின் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு முழங்கும்போது எடுத்த படத்தை வெளியிடுமுன், அப்பகுதியின் ஒலியைக் குறைப்பதே உத்தமம்.

இயந்திரம் கண்டுபிடிப்பது எப்படி?

"கோடிக்கணக்கான படங்களுக்குள் என் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?" என்ற கேள்விக்கு இடமில்லை. யூடியூபில் 2007 முதல் கன்டென்ட் ஐடி என்னும் ஏற்பாடு உண்டு. உரிமையாளர்கள் தங்கள் ஒலிப்பதிவுகளை முன்னதாகவே ஒப்படைத்திருக்கிறார்கள். நாம் ஏற்றும் ஒவ்வொரு படமும் அவற்றோடு ஒப்பிடப்படுகிறது. ஒத்துப்போனால் படத்தை மறைப்பதா, விளம்பர வருமானத்தைத் தாங்கள் பெறுவதா, பார்வைக் கணக்கை மட்டும் கவனிப்பதா என்பது உரிமையாளர் விருப்பம். அநேகர் படத்தை விட்டுவைத்து வருமானத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் காட்டும் சலுகை. நாளை அவர்கள் மனம் மாறவும் கூடும்.

இந்த உரிமைகோரல் வேறு, எச்சரிக்கைப் புள்ளி வேறு. உரிமையாளர் முறைப்படி எழுதி நீக்கக் கோரினால் கணக்குக்கு ஒரு புள்ளி விழும். 90 நாட்களுக்குள் மூன்று புள்ளிகள் சேர்ந்தால் கணக்கே முடிக்கப்படலாம். அதிலுள்ள எல்லாப் படங்களும் அதனோடு போய்விடும். எட்டு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை ஒரு பிள்ளை ஆடிய ஆட்டங்கள், பயிற்சியாளரிடம் காட்டவேண்டிய பந்துவீச்சு, இப்போது நம்மோடு இல்லாத ஒரு தாத்தா கைதட்டி மகிழ்ந்த காட்சி ஆகிய யாவும் இரண்டு நிமிடப் பாட்டுக்காக இழக்கப்படலாகாது. ஆகையால் பாட்டுச் சேர்க்காத மூலப்பதிவை எப்போதும் வீட்டில் தனியே பத்திரப்படுத்துங்கள்.

இன்ஸ்டாகிராமில் செயலிக்குள்ளேயே கிடைக்கும் பாட்டுகளைத் தனிநபர் தன் சொந்தப் பதிவுக்குப் பயன்படுத்த அந்நிறுவனம் இடமளிக்கிறது. அந்த அனுமதி அச்செயலிக்குள் மாத்திரமே செல்லும். விளையாட்டுக் கழகமோ பயிற்சிப் பள்ளியோ தன்னை விளம்பரப்படுத்தப் போடும் பதிவு சொந்தப் பதிவாகாது.

செய்யத்தக்கது என்ன?

முதலாவது, திடலின் ஓசையையே விட்டுவையுங்கள். மட்டையில் பந்து படும் ஒலியும், மூச்சடக்கிக் கபடி பாடிவரும் குரலும், நடுவரின் விசிலும், பக்கத்தில் நின்று தாய் கூப்பிட்ட பெயரும் இருபது ஆண்டுகளுக்குப்பின் எந்தப் பாட்டிலும் கிடைக்காது.

இரண்டாவது, நம் வாலிபரிடம் கிதாரும் கீபோர்டும் தபேலாவும் வாசிக்கும் வரம் தாராளமாய் இருக்கிறது. அவர்களே சொந்தமாய் ஒரு மெட்டு அமைத்து வாசித்துப் பதிவுசெய்யட்டும். வாசித்தவர்களின் பெயரைப் படத்தில் போடுங்கள். பிறர் பாட்டை நாமே வாசித்தால் ஒலிப்பதிவு நம்முடையதாகும். மெட்டும் சொல்லும் அவர்களுடையவையாகவே இருக்கும் என்பதை மறக்கவேண்டாம்.

மூன்றாவது, யூடியூப் 2013 முதல் படங்களுக்கென்றே இசை நூலகம் ஒன்றை இலவசமாய் வைத்திருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு வெளியிடப்படும் இசையும் ஏராளம். நிபந்தனைகளை மாத்திரம் வாசித்துப் பாருங்கள். சிலவற்றுக்குப் படைத்தவர் பெயரைக் குறிப்பிடவேண்டும்; சிலவற்றை வருமானத்துக்காகப் பயன்படுத்தலாகாது; மாற்றங்கள் கூடாது என்ற நிபந்தனை உள்ளதைப் படத்தோடு இணைக்கவே கூடாது.

நான்காவது, குறிப்பிட்ட பாட்டே வேண்டுமென்றால் கேட்டுப் பெறுங்கள். தாமே எழுதி, தாமே பாடி வெளியிடும் கலைஞர்களுக்கு மரியாதையாய் ஒரு கடிதம் எழுதினால் மனமுவந்து சம்மதிக்கிறவர்கள் உண்டு. சம்மதத்தை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வெளியிட்ட படத்துக்கு உரிமைகோரல் வந்திருந்தால் கலங்கவேண்டாம். படத்தை நீக்காமலே, யூடியூபின் திருத்தும் வசதியைக்கொண்டு அந்தப் பாட்டை மட்டும் அகற்றலாம், அல்லது இசை நூலகத்திலுள்ள வேறொன்றை வைக்கலாம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் கைப்பேசியில் எடுத்த அந்த இரண்டு நிமிடப் படமும் சட்டத்தின் கண்களில் ஒரு திரைப்படமே. அதன் பதிப்புரிமை உங்களுக்குரியது. உங்கள் மகன் ஆடும் காட்சியை ஒரு பயிற்சி நிறுவனம் கேட்காமல் எடுத்துத் தன் விளம்பரத்தில் போட்டால், உங்களுக்கு நியாயம் செய்யப்போவதும் இதே சட்டம்தான். நமக்கு வேண்டிய நியாயத்தைப் பிறருக்கு மறுக்கலாமா?

தரையில் பட்டெழுந்த பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவர் பார்க்கவில்லை என்பதற்காக அவுட் கேட்கக்கூடாது என்று நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அந்த ஆட்டத்தின் படத்தை நாம் எப்படி உருவாக்குகிறோம் என்பதையும் அவர்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த படத்துக்கு இசை சேர்க்குமுன் பிள்ளையை அருகில் அழைத்து, "இந்தப் பாட்டு யாருடையது, அவரிடம் கேட்டோமா?" என்று இருவருமாய் விசாரித்துப் பாருங்கள். அப்படிக் கேட்கப் பழகிய பிள்ளை, பெரியவனானபின் அலுவலகத்திலும் வியாபாரத்திலும் பிறன் உழைப்பைத் தன்னுடையதென்று சொல்லக் கூசுவான்.