வலிக்கு ஒரு வார்த்தை

சென்ற வருஷம் ஒரு நடுநிசியில் இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் ஒரு வலி கிளம்பியது. அடிவயிறு வரை சுருட்டி இழுத்தது. உட்கார்ந்தால் ஆகவில்லை, படுத்தாலும் ஆகவில்லை. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். குடித்தது அப்படியே வாந்தியாக வந்துவிட்டது. விடிவதற்குள் என் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கல்லூரியில் படிக்கும் மகளும் கூட வந்தாள்.

"வலி எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"பரவாயில்லை டாக்டர், தாங்கிக்கிறேன்" என்றேன். நம் வாயில் வேறென்ன வரும்!

மகள் சும்மா இருக்கவில்லை. "அம்மா மறைக்கிறாங்க டாக்டர். எக்ஸ்க்ரூஷியேட்டிங் பெயின். ராத்திரி பூரா துடிச்சிட்டாங்க" என்றாள்.

டாக்டர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். முதலில் வலிக்கு ஊசி, பிறகு ஸ்கேன். சிறுநீர்க் குழாயில் 6 மில்லிமீட்டர் கல்!

வீடு திரும்பி நாலு நாள் கழித்து, "அதென்னடி, வாயில் நுழையாத அந்த வார்த்தை?" என்று கேட்டேன். அகராதியோடு வந்து உட்கார்ந்தாள். லத்தீனில் 'க்ரக்ஸ்' என்றால் சிலுவை. சிலுவையில் அறைந்தால் எப்படித் துடிக்குமோ, அந்த வேதனையிலிருந்து பிறந்த சொல்லாம். நாம் சொல்லும் "உயிர் போகிற வலி"தான் அது.

அதை வலிக்குத்தான் சொல்ல வேண்டும், வலிக்கிறவருக்கு அல்ல. "ஐ ஆம் எக்ஸ்க்ரூஷியேட்டிங்" என்றால் 'நான் பிறரை வதைக்கிறவள்' என்று அர்த்தமாகிவிடும். (இதைக் கேட்டு, "அதுவும் சரிதானே!" என்றார் வீட்டுக்காரர்.) முன்னால் 'வெரி' போடவும் வேண்டாம், உச்சிக்கு மேல் ஏது உச்சி?

கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்ஸாக், 1975-ல் வலியை அளக்க ஒரு வினாத்தாள் வெளியிட்டார். அதில் வலியைச் சொல்லும் 78 சொற்கள், 20 பிரிவுகளாக இருக்கின்றன. வலியின் கடுமைக்கு 0 முதல் 5 வரை தனியாக எண்கள். கடைசி 5-க்கு நேராக நிற்பது இந்தச் சொல்தான்.

நம்மிடம் மட்டும் சொல்லுக்குப் பஞ்சமா? பல் குடைகிறது, கால் கடுக்கிறது, கண் உறுத்துகிறது, நெஞ்சு கரிக்கிறது, கட்டி விண்விண்ணென்று தெறிக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. டாக்டருக்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை சகோதரிகளே, உள்ளது உள்ளபடி தெரிந்தால் போதும். எங்கே வலிக்கிறது, எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம் பரவுகிறது, பத்துக்கு எத்தனை என்று சொல்லுங்கள்.

முக்கியமாகக் கர்ப்பிணிப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மண்டையைப் பிளக்கும் தலைவலியோ, கடுமையான வயிற்று வலியோ வந்தால், "சமையல் முடியட்டும், அவர் ஆபீஸிலிருந்து வரட்டும்" என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

குழந்தை அழுதால் எங்கே வலிக்கிறதோ என்று பதறுகிற நாம், நம் வலிக்கு மட்டும் "பரவாயில்லை" என்கிறோம். அந்த ஒரு வார்த்தையை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள்.