வடக்கே ஆகாதது தெற்கே ஆகுமோ?

செல்வர் வாழும் தெருவில் நஞ்சு. ஏழையர் தெருவில் அதுவே தொழில்! அமெரிக்க நாட்டின் சிக்காகோ மாநகர ஆட்சியினர் இந்தக் கணக்கைத்தான் போட்டனர்.

அந்நகரின் வடபால், இலிங்கன் பூங்காப் பகுதியின் ஆற்றங்கரையில், 'செனரல் அயர்ன்' என்னும் பழையிரும்பு நிறுவனம் நெடுங்காலம் இயங்கிவந்தது. தேய்ந்த சீருந்துகளையும் வீட்டுப் பொறிகளையும் பெருஞ்சம்மட்டிகளால் கிழித்து நொறுக்குவது அதன் வேலை. நொறுக்குங்கால் மாழைத் துகள் காற்றில் பறக்கும்; எரிநெய் எஞ்சிய கலம் உள்ளே போய்விடின் வெடிக்கும். 2020 மே திங்களில் அவ்வாலையில் வெடிக்கவும் செய்தது.

வடபாலார் வளமுடையோர், பெரும்பாலும் வெள்ளையர். அவர்தம் குறை ஆட்சியின் செவிக்கு எட்டிற்று. 2020 இறுதியில் அவ்வாலையை மூடித் தென்கிழக்குப் பகுதிக்குக் கொண்டுபோவதென 2019-இலேயே உடன்பாடு செய்தனர். ஆங்கு வாழ்வோர் யார்? பெரும்பாலும் மெக்சிக்கோ வழிவந்த உழைப்பாளிகள். எஃகாலைகளின் அனலில் வெந்த தலைமுறையின் மக்கள். அவ்வாலைகளுள் ஒன்று 1980-இலும் மற்றொன்று 1992-இலும் மூடப்பட்டன. வேலை போயிற்று, மண்ணில் படிந்தது போகவில்லை. பின்னர் எரிநெய்க்கரித் தூளும் மாங்கனீசுத் துகளும் அவர்தம் சாளரங்களில் வந்து படிந்தன.

அம்மக்களிடமே புதிய ஆலை வந்தது, 'தென்பால் மறுசுழற்சி' என்னும் பொருள்படும் புதுப்பெயரோடு! பெயர் மாறினால் புகை மாறிவிடுமா? அன்றியும், ஆலையைக் கட்டிமுடித்துவிட்டு இயக்கும் உரிமத்தைக் கடைசியிற் கேட்டனர். இத்துணைப் பணம் போட்டபின் மறுப்பது எங்ஙனம் என வாதிட இதனினும் நல்ல வழி உண்டோ? உரிமம் வழங்கும் அலுவலகமோ, இவ்வோர் ஆலையின் புகை அளவுக்குள் அடங்குமா என்று மட்டும் பார்க்கும். அத்தெருக் குழந்தையின் மூச்சில் முன்பே என்னென்ன கலந்துள்ளன என்று கேளாது. உரிமமுறையின் பெருங்கேடு இதுவே.

2021 பிப்பிரவரியில் மக்கள் உண்ணாநோன்பு தொடங்கினர். ஏறத்தாழ ஒரு திங்கள் நீண்ட அந்நோன்பில் அண்மையிலுள்ள உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியரும் இருந்தார். மாணவர் மூச்சுக்காக ஆசிரியர் பட்டினி! மே திங்களில் நடுவணரசின் சூழல் காப்பு முகமைத் தலைவர் மைக்கேல் இரீகன், அம்மக்கள் சுமக்கும் மொத்தச் சுமையையும் முதலில் ஆய்க என மாநகரத் தலைவர் இலோரி இலைட்புட்டுக்கு மடல் விடுத்தார். ஆய்ந்தனர், 18-2-2022 அன்று உரிமம் மறுக்கப்பட்டது. வெள்ளையர் பகுதியின் கேட்டைக் கறுப்பர், எசுப்பானிய வழியினர் பகுதிகளுக்குத் தள்ளுவது மாநகராட்சியின் வழக்கமாகவே இருந்துள்ளதென 2022 சூலையில் நடுவணரசின் குடியிருப்புத் துறை கண்டறிந்து கூறிற்று.

நிறுவனம் வாளாவிருக்கவில்லை. வரையறுத்த நெறியில்லாத ஆய்வைக் கொண்டு உரிமம் மறுத்தது பிழையென 2023 சூனில் உசாவல் நடுவர் ஒருவர் தீர்ப்புரைத்தார். மாநகராட்சி அதனை எதிர்த்து மேன்முறையிட்டது. நெறி இல்லையெனின் அதனை வகுக்கவேண்டியவர் யார்? நோன்பிருந்த மக்களா? எந்தெந்தப் பகுதி எவ்வளவு சுமக்கிறது என்னும் மாநகர் முழுதுக்குமான ஆய்வு 2023-இல்தான் வெளிவந்தது.