கவனிப்பவரின் பெயரும் கேஸ் ஷீட்டில் வேண்டும்

அறுபது வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனும் மறதிநோயுடன் வாழ்கிறார்கள் என்று முதியோரிடம் நடந்த லாசி-டாட் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது மனைவி, மகள், மருமகள்தான். தூத்துக்குடிக் கரையில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். தருவைகுளத்தில் விசைப்படகு ஏறும் மகன் திரும்பப் பல நாள் ஆகும். உப்பளத்தில் வேலை பார்க்கும் மருமகள் விடியுமுன் கிளம்ப வேண்டும். காலமெல்லாம் பின்னிரவில் எழுந்து கடலுக்குப் போன பெரியவர், மறதிநோய் வந்த பின்னும் அதே நேரத்துக்கு எழுந்து கதவைத் தட்டலாம். அவரைச் சமாதானப்படுத்திப் படுக்கவைப்பவருக்கு அன்றைய தூக்கம் போயிற்று. மருத்துவர்களாகிய நாம் பெரியவருக்கு மாத்திரை எழுதுகிறோம்; தூங்காதவரிடம் எதுவும் கேட்பதில்லை. அவரையும் நம் பொறுப்பில் உள்ளவராகக் கருதிப் பதிவு செய்யாமல் டிமென்ஷியா சிகிச்சை முழுமை பெறாது.

நம் ஊரில் சொந்தபந்தம் பார்த்துக்கொள்ளும் என்பது வழக்கமான பதில். 10/66 டிமென்ஷியா ஆய்வுக் குழு வளரும் நாடுகளில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு இதை ஏற்கவில்லை: வீட்டில் ஆட்கள் அதிகம் இருந்தும் கவனிப்பவரின் மன அழுத்தம் பணக்கார நாடுகளில் உள்ள அளவுக்கே இருந்தது. வீட்டில் பலர் இருந்தாலும் வேலை ஒருவர் தலையில்தான் விழுகிறது. கவனிப்பவரையும் பார்க்க மனநல மருத்துவர்கள் போதாதே என்பது அடுத்த தடை. கோவாவில் 81 குடும்பங்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வு வழி காட்டுகிறது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், மருத்துவரின் மேற்பார்வையில், ஆறு மாதம் வீடு தேடிச் சென்றார்கள். நோயை விளக்கினார்கள், தொந்தரவான நடத்தையைக் கையாளக் கற்றுத்தந்தார்கள். கவனிப்பவரின் மனநலம் தெளிவாக மேம்பட்டது.

இங்கும் அப்படிச் செய்ய வழி இருக்கிறது: தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் வீட்டு வாசலுக்கே வருகிறது. அதன் தன்னார்வலர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது நியாயமான ஆட்சேபம். ஆகவே ஊதியமில்லாத கூடுதல் வேலையாக இந்த ஆலோசனைப் பணியைச் சுமத்தக் கூடாது. பயிற்சியும் ஊதியமும் மாவட்ட மனநலத் திட்டத்தின் மேற்பார்வையும் சேர்ந்தே வர வேண்டும். ஆலோசனை மட்டும் போதவும் போதாது. கோவாவிலேயே, பராமரிப்புச் சுமையைக் காட்டும் அளவீட்டில் உறுதியான குறைவு தென்படவில்லை. மாற்றாள் வேண்டும், பணம் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 24ஆவது பிரிவில் பராமரிப்பாளர் உதவித்தொகையைச் சொல்கிறது. அச்சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையில் நினைவாற்றல் பாதிப்பும் அடங்கும். தகுதியானவரைச் சான்றிதழுக்கு அனுப்புவது நம் கடமை. மகன்களும் கைகொடுக்கலாம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் மகன்கள் கரையில் இருப்பார்கள். கவனிப்புப் பயிற்சியை அவர்களுக்கும் அப்போதே கொடுத்துவிடலாம்.

அடுத்த முறை டிமென்ஷியா நோயாளி வரும்போது, உடன் வந்தவரின் பெயரை எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினார், அவரை மாற்றிவிட யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலையும் அதே கேஸ் ஷீட்டில் குறித்துவையுங்கள்.