ஸ்ட்ராபெரி பையும் ஐந்து செடியும்

பத்தியாளருக்கு இந்த வாரக் கோபம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் மீது. மூடியைத் திறக்காமலே உள்ளே இருப்பது தெரியும் பெட்டி. மேலடுக்கில் ஸ்ட்ராபெரி எல்லாம் மருதாணி வைத்த விரல் மாதிரி சிவந்து நிற்கிறது. வீட்டுக்கு வந்து தட்டில் கவிழ்த்தால், அடியில் கிடந்ததற்கெல்லாம் காம்புப் பக்கம் அரை அங்குலத்துக்கு வெள்ளை. கடித்தால் வெள்ளரிப் பிஞ்சு. வெள்ளரி என்றாலாவது உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்ளலாம்.

தக்காளி, பப்பாளி, உரித்து அடைத்த மாதுளை என்று இதே புலம்பலை ஏற்கெனவே மூன்று முறை படித்துவிட்ட வாசகர்கள் "மறுபடியுமா?" என்பது காதில் விழுகிறது. ஆனால் ஸ்ட்ராபெரி விஷயத்தில் குற்றம் பெரிது. மாங்காயை வைக்கோலில் போட்டு மூடினால் பழுக்கும். வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போட்டால் மஞ்சளாகும். தக்காளியைக்கூட ஜன்னலோரம் வைத்துக் காத்திருக்கலாம். ஸ்ட்ராபெரி அதற்கெல்லாம் மசியாது. செடியிலிருந்து கிள்ளிய நிமிடம் எவ்வளவு இனிப்போ, கடைசிவரை அவ்வளவுதான். அதற்குப் பிறகு நிறம் கொஞ்சம் கூடும், இனிப்பு கூடாது. சிவக்கச் சிவக்க நம்மை ஏமாற்றும் பழம்.

சென்ற மாதத்திலிருந்து இந்தப் பத்தி ஃப்ளோரிடாவிலிருந்து, டாம்பா பக்கம் இருக்கும் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வருவது வாசகர்களுக்குத் தெரியும். கிழக்கே அரை மணி நேரம் கார் ஓட்டினால் பிளான்ட் சிட்டி. அங்கே இப்போது ஸ்ட்ராபெரித் திருவிழா. அதைப் பார்த்து எழுதுவதாக ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்தது பத்தியாளர்தான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. திருவிழாவுக்குக் கிளம்புமுன் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு தட்டில் தான் செய்த ஸ்ட்ராபெரி பை கொண்டுவந்து கொடுத்துவிட்டார். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம்.

"பைன்னா எந்தப் பை? எனக்குத் தெரிஞ்சது மஞ்சப்பைதான்" என்று சொல்லிக்கொண்டே வாயில் போட்ட பத்தியாளரின் மனைவி, அதற்குப் பிறகு ஒரு நிமிடம் பேசவில்லை. நாற்பது ஆண்டு இல்லறத்தில் அது அபூர்வம்.

ஆப்பிள் பையில் பழத்தை மாவுக்குள் வைத்து மூடி, இரண்டையும் சேர்த்தே ஓவனில் வேகவைப்பார்கள். இது வேறு. மாவுக் கிண்ணம் மட்டும் ஓவனுக்குள் போய் வருகிறது, பழம் போவதில்லை. கொஞ்சம் பழத்தை மட்டும் மசித்து, சர்க்கரையும் மாவும் சேர்த்துப் பாகாகக் காய்ச்சி, மிச்சப் பச்சைப் பழத்தை அதில் புரட்டி, ஆறிய கிண்ணத்தில் குவித்துக் குளிரவைக்க வேண்டியதுதான். அடுப்பு தொடாததால் பழத்தின் குறையை மறைக்க ஒன்றும் கிடையாது. வெளுத்த பழத்தைப் போட்டால் வெளுத்த பைதான் கிடைக்கும். இங்கே தென் மாநிலங்களில் சிலர் பாகு காய்ச்சும் வேலையே வேண்டாம் என்று ஸ்ட்ராபெரி ஜெல்லோ பாக்கெட்டைக் கரைத்து ஊற்றிவிடுவார்கள். நியூயார்க் மாநிலத்து லெராய் என்ற சிற்றூரில் 1897இல் ஜெல்லோ பிறந்தபோதே அதன் முதல் நான்கு சுவைகளில் ஸ்ட்ராபெரியும் ஒன்று. ஆகவே அதுவும் ஒரு மரபுதான். பத்தியாளர் அந்த மரபைச் சேர்ந்தவர் அல்லர்.

பத்தியாளர் தானே செய்து பார்த்த முதல் பை படுதோல்வி. பழம் வெளுத்தது பாதிக் காரணம். மீதிப் பாதிக்குப் பத்தியாளரின் நாற்பது வருடத் தமிழ்நாட்டுச் சமையல் ஞானமே பொறுப்பு. செய்முறையில் மக்காச்சோள மாவு மூன்று மேசைக்கரண்டி என்று இருந்தது. நம்மூரில் மஞ்சூரியனுக்கும் சூப்புக்கும் போடும் வெள்ளை வெளேர் கார்ன்ஃப்ளார் தெரியாதா என்ன? கடையில் 'கார்ன் ஃப்ளார்' என்று அச்சடித்த பொட்டலத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். பிரித்தால் மஞ்சள். இதுவும் ஒரு ரகம் போலிருக்கிறது என்று கொட்டிக் கிளறினார். பளபளவென்று கண்ணாடியாக வர வேண்டிய பாகு, ஆடி மாதத்து அம்மன் கோயில் கூழாகத் திரண்டது.

நாம் கார்ன்ஃப்ளார் என்று சொல்வதற்கு அமெரிக்காவில் பெயர் கார்ன் ஸ்டார்ச். அது சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் ஸ்டார்ச். இங்கே கார்ன் ஃப்ளார் என்றால் முழுச் சோளத்தை அரைத்த மாவு. கூழ் வந்ததில் ஆச்சரியம் இல்லை. "லேபிளைப் படிங்கப்பா" என்றாள் மகள். லேபிளைப் படித்துத்தான் வாங்கினார் என்பதுதான் சோகம்.

சரி, திருவிழா. 1930இல் தொடங்கிய விழா, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சில ஆண்டுகள் மட்டும் நின்று, மறுபடி நடக்கிறது. ராட்டினம் இருக்கிறது, கன்றுக்குட்டிப் போட்டி இருக்கிறது, தொப்பி வைத்த பாடகர்கள் இருக்கிறார்கள், ஷார்ட்கேக்குக்கு வரிசை நிற்கிறது. பிளான்ட் சிட்டி என்ற பெயர் செடியிலிருந்து வந்ததல்ல. அந்தப் பக்கம் ரயில் பாதை போட்ட ஹென்றி பிளான்ட் என்ற முதலாளியின் பெயர். இந்த ஒரு தகவலோடு திருவிழா பற்றிப் பத்தியாளர் எழுத நினைத்தது தீர்ந்துபோயிற்று. ஆசிரியர் மன்னிக்க வேண்டும். மகள் தன் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்து கொடுத்துவிட்டாள்.

அமெரிக்க வேளாண் துறையில் பல பத்தாண்டுகள் ஸ்ட்ராபெரியைக் கட்டி மேய்த்த ஜார்ஜ் டாரோ எழுதி 1966இல் வந்த தடிப் புத்தகம் அது, பெயரே 'ஸ்ட்ராபெரி'தான். பாதிக்கு மேல் குரோமோசோம், நோய், ரகம். மனைவி அதைத் தலையணைக்கு அண்டை கொடுக்கலாம் என்றார். முன்பகுதியில் வரும் ஃபிரான்ஸ் நாட்டு உளவாளியின் கதையைப் பத்தியாளர் இரவு பதினொன்றரைக்கு ஆரம்பித்தார். விடிகாலை வரை தூங்கவில்லை.

அமெதே ஃபிரான்சுவா ஃப்ரெசியே என்பது அவர் பெயர். ராணுவப் பொறியாளர், வயது முப்பதை எட்டவில்லை. 1712இல் பதினான்காம் லூயி மன்னருக்காகத் தென்னமெரிக்கா போனார். சிலியிலும் பெருவிலும் ஸ்பானியர்கள் கட்டியிருந்த துறைமுகங்களையும் கோட்டைகளையும் வரைபடம் எடுத்துவர வேண்டும். வியாபாரி வேஷம். கோட்டைக்குள் போய் ஆளுநரோடு சாப்பிட்டுவிட்டு, வெளியே வந்து பீரங்கிகளை எண்ணுகிற உத்தியோகம். பிரெஞ்சில் ஸ்ட்ராபெரிக்கு 'ஃப்ரேஸ்' என்று பெயர். ஃப்ரெசியே என்ற குடும்பப் பெயரே அதிலிருந்து வந்தது என்று அவர் வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். அப்படிப் பெயர் வைத்துக்கொண்டவர் கடல் கடந்து போய் ஸ்ட்ராபெரியில் விழுந்தார் என்றால் கதாசிரியன்கூட எழுதக் கூச்சப்படுவான்.

சிலியின் கொன்செப்சியோன் நகரத்துப் பக்கம் மபுச்சே மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்த ஸ்ட்ராபெரியை அவர் பார்த்தார். ஐரோப்பாவில் அதுவரை தெரிந்த காட்டு ஸ்ட்ராபெரி சுண்டைக்காய் பருமன். இது வால்நட் அளவு. சில நேரம் கோழிமுட்டை அளவு. நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறல். (பத்தியாளர் இங்கே தன் பெட்டியை நினைத்துக்கொண்டார்.)

ஃப்ரெசியே செடிகளைக் கப்பலில் ஏற்றினார். ஆறு மாதக் கடல். கப்பலில் நல்ல தண்ணீர் பொன். தண்ணீரை அளந்து விடும் அதிகாரம் சரக்குப் பொறுப்பாளரான ரூ த வல்போன் கையில். மாலுமி நாக்கு வறண்டு நிற்கும்போது, மண்தொட்டியில் நிற்கும் செடிக்கு யார் தண்ணீர் விடுவார்கள்? வல்போன் விட்டார். 1714 ஆகஸ்டில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது ஐந்து செடிகளுக்கு உயிர் இருந்தது. தண்ணீர் கொடுத்த நன்றிக்கு இரண்டு அவருக்கு. பாரிஸில் அரசரின் தோட்டத்துக்காக அந்துவான் த ஜூசியேவுக்கு ஒன்று. கோட்டைத் துறையைக் கவனித்த மேலதிகாரிக்கு ஒன்று. உத்தியோகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஐந்தாவதைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

செடிகள் செழித்தன. ஓடுகொடி விட்டுப் பரவின. பூத்தன. ஆனால் காய்க்கவில்லை.

பனை பார்த்து வளர்ந்தவர்களுக்கும் வீட்டுக் கொல்லையில் பப்பாளி வைத்து ஏமாந்தவர்களுக்கும் காரணம் இந்நேரம் பிடிபட்டிருக்கும். சிலி ஸ்ட்ராபெரியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஃப்ரெசியே கண்ணுக்கு நல்ல பெரிய பழம் தொங்கிய செடியாகப் பொறுக்கினார். பழம் தொங்கினால் அது பெண். பழமில்லாமல் சும்மா நின்ற ஆண் செடிகளை உதவாக்கரை என்று சிலியிலேயே விட்டுவிட்டு வந்தார். நாட்டின் கோட்டைகளை எல்லாம் துல்லியமாக அளந்தவர், செடியில் ஆண் பெண் பார்க்காமல் போனார். அந்தக் காலத்தில் ஸ்ட்ராபெரிக்கு ஆண் பெண் உண்டென்று யாருக்கும் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரிட்டனி கடற்கரையில், பிரெஸ்ட் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இதைப் புத்தகம் இல்லாமலே சரிசெய்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து முந்தைய நூற்றாண்டில் வந்து சேர்ந்திருந்த வர்ஜீனியா ஸ்ட்ராபெரியை, சின்னப் பழம் என்றாலும் நல்ல சிவப்பும் மணமும் உள்ளதை, சிலிச் செடிகளுக்கு இடையே வரிசையில் நட்டார்கள். சிலிச் செடி காய்த்தது. வடக்கத்திச் செடியும் தெற்கத்திச் செடியும் சொந்த மண்ணில் சந்தித்தே இராதவை, ஃபிரான்ஸ் நாட்டுப் பாத்தியில் அடுத்தடுத்து நின்றதால் கலந்தன.

கலந்தது என்ன என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் ஒரு பையன். அந்துவான் நிக்கொலா துஷேன், வெர்சாய் அரண்மனைக் கட்டடங்களைக் கவனித்தவரின் மகன். 1764 ஜூலையில், பதின்வயதிலேயே, சிலிச் செடிக்கு வேறொரு ரகத்தின் மகரந்தத்தைக் கொடுத்துப் பழுக்கவைத்த பெரிய பழங்களைப் பதினைந்தாம் லூயியின் முன்னால் கொண்டுபோய் வைத்தான். இரண்டு வருடம் கழித்து ஸ்ட்ராபெரிக்கென்றே ஒரு நூல் வெளியிட்டான். அன்னாசி மணம் வீசுகிறதென்று 'அன்னாசி ஸ்ட்ராபெரி' என்று தோட்டங்களில் அழைத்துவந்த பழம், சிலியும் வர்ஜீனியாவும் கலந்து பிறந்த பிள்ளை என்று அதில் எழுதினான். இன்றைக்கும் அதன் தாவரவியல் பெயரில் அனனாசா இருக்கிறது. பெற்றோர் இரண்டுக்குமே எட்டு மடங்கு குரோமோசோம், மொத்தம் 56 என்பதால்தான் சம்பந்தம் பொருந்தியது என்பதை விஞ்ஞானம் பிறகு விளக்கிற்று. ஐரோப்பாவின் பழைய காட்டு ஸ்ட்ராபெரிக்கு வெறும் 14. ஜாதகம் பொருந்தவில்லை.

பிளான்ட் சிட்டிப் பழத்திலும், அந்தக் கோபப் பெட்டியில் வெளுத்துக் கிடந்ததிலும் ஓடுவது இந்தக் கலப்பு ரத்தம்தான். பெரிய உருவம் சிலி கொடுத்தது. சிவப்பும் மணமும் வர்ஜீனியா. பெட்டிக்காரர்கள் சிலியை மட்டும் பழுக்கவிட்டு, வர்ஜீனியா வருவதற்குள் பறித்துவிடுகிறார்கள் என்று பத்தியாளர் ஒரு கொள்கையை வகுத்தார். அறிவியலில் அதற்கு இடமில்லை என்று மகள் சொன்னாள். வாதத்துக்கு இருக்கட்டுமே.

சனிக்கிழமை நாமே பறித்துக்கொள்ளும் பண்ணைக்குப் போனார்கள். மேட்டுப் பாத்தி, கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, நடுவே மணல். காம்பை ஒட்டிய பச்சை இலைக் குல்லாய் பின்னால் மடிந்து, தோள்வரை சிவப்பு ஏறியதை மட்டும் கிள்ள வேண்டும் என்று பேத்திக்குப் பாடம் நடத்தினார். "தாத்தா, நீங்க பேசிட்டே இருக்கீங்க, நான் நிரப்பிட்டேன்" என்று கூடையைக் காட்டினாள் அவள்.

இரண்டாவது பைக்கு மைதாவில் ஜில்லென்ற வெண்ணெயை உதிர்த்துப் பிசைந்து, தட்டில் விரித்து, உப்பாமல் இருக்க மேலே தாள் போட்டுக் கொண்டைக்கடலையைக் கொட்டி ஓவனில் வைத்தார். ("ஏங்க, நல்ல கடலையைக் கருக்கறீங்களே!") ஒன்றரைக் கிண்ணம் பழத்தை மசித்து, முக்கால் கிண்ணம் சர்க்கரை, இந்த முறை வெள்ளை ஸ்டார்ச், கொஞ்சம் தண்ணீர். முதலில் பால் கலந்த ரோஸ்மில்க் நிறம். கொதி வந்து கிளறக் கிளற அந்தப் பால் நிறம் சட்டென்று விலகி, கரண்டியின் அடி தெரிகிற மாதிரி தெளிந்தது. எலுமிச்சை பிழிந்து இறக்கினார். கழுவிய பழத்தைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கியது மனைவி. ஈரம் இருந்தால் பை அழும் என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாள் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில். வெட்டியபோது முதல் துண்டு சரிந்தது, இரண்டாவது நின்றது. மாலைக்குள் தட்டு காலி.

"திருவிழா பத்தி எழுதி அனுப்பியாச்சாப்பா?" என்று ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டபோது பத்தியாளர் பின்கட்டில் குத்துக்கால் இட்டிருந்தார். பண்ணையிலிருந்து வாங்கி வந்த தொட்டிச் செடியில் ஒரு பூ. ஐந்து வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் மேடு, அதைச் சுற்றி மகரந்தக் கேசரங்கள். பேத்தி பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, அவர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். பதினெட்டு வரை வந்தபோது அவள் தும்மினாள். மறுபடி முதலிலிருந்து.