மேல்விரிப்பை நிறுத்து வாங்கலாமா?

பசுமைக்குடில் அமைக்க முனையும் அங்கத்தினர்கள் சங்கத்தில் முதலாவதாகக் கேட்பது, "மேல்விரிப்புக் கிலோ என்ன விலை?" என்பதே. கேட்க வேண்டிய கேள்விதான்; ஆயினும் அது முதற் கேள்வியாதல் கூடாது என்பது நமது கருத்து. நூலின் நம்பரை அறியாமல் எந்த நெசவாளரும் பாவு ஓட்டுவதில்லை. அவ்வாறே விரிப்பு எவ்வளவு ஒளியை உள்ளே விடும், எவ்வளவு வெப்பத்தை இரவில் காக்கும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்பவற்றை அறியாமல் விலை பேசுதல் தகாது.

சூரிய ஒளியில் இலைகள் உணவாக்கப் பயன்படுத்துவது 0.4 முதல் 0.7 மைக்ரான் வரையுள்ள சிற்றலைகளையே. வெயிலால் சூடேறிய மண்ணும் செடியும் வெளிவிடும் வெப்பமோ நெடிய அலைகளாகச் செல்கின்றது. முன்னதை உள்ளே விட்டுப் பின்னதைத் தடுப்பதே குளிர் நிலத்திற்கேற்ற கூரையாகும். பகலில் குடில் சூடேறுவதற்கு முக்கிய காரணம், உள்ளிருக்கும் காற்று வெளியேறாமல் அடைபட்டிருப்பதே. அமெரிக்க பௌதிக அறிஞர் ஆர். டபிள்யூ. வுட் 1909-இல் கண்ணாடி மூடியும் பாறையுப்பு மூடியும் இட்ட பெட்டிகளைக் கொண்டு இதனைக் காட்டினார். மேகமற்ற இரவிலோ, விரிப்பின் குணம் தன் வேலையைக் காட்டத் தொடங்கும்.

தூய கண்ணாடி ஏறத்தாழ 90 சதவீத ஒளியை விடும்; நெடிய வெப்ப அலைகளைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் பளுவும் செலவும் மிகுதி. புதிய பாலித்தீன் விரிப்பு ஒளியை விடுவதில் கண்ணாடிக்கு அதிகம் பிற்பட்டதன்று. எனினும் சாதாரணப் பாலித்தீன் வழியே வெப்ப அலைகளில் பெரும்பகுதி வெளியேறிவிடும். காற்றசையாத தெளிந்த இரவில் உள்ளே வெளியைவிடக் குளிர்ந்து போவதும் உண்டு. இக்குறையைத் தணிக்கும் பொருள்கள் கலந்த விரிப்புகளும் கிடைக்கின்றன. இரட்டைச் சுவர்ப் பாலிகார்பனேட் தகடு சுமார் 80 சதவீத ஒளியை விட்டு, ஒற்றைக் கண்ணாடியின் வெப்ப இழப்பைப் பாதியளவுக்குக் குறைக்கும்.

ஆகவே இடம் அறிந்து பொருளைத் தேர்தல் வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் நீலகிரியில் வெப்பம் காக்கும் விரிப்புக்குக் கொடுக்கும் அதிகப் பணம் வீணாகாது. சமவெளியிலோ வெப்பத்தைப் போக்குவதே கவலை. அங்கே காற்றுவழியும் நிழல்வலையுமே பயன் தரும். அயலூரார் வாங்கினார் என்பதற்காக நாமும் அதையே வாங்குதல் பொருந்தாது.

நிறுத்து வாங்குவதில் இன்னொரு கண்ணியும் உண்டு. 200 மைக்ரான் பாலித்தீன் ஒரு கிலோவுக்குச் சுமார் 5.4 சதுர மீட்டர் விரியும். 100 மைக்ரானோ அதனைப்போல் இரு மடங்கு விரியும். மெல்லியது மலிவாகத் தோன்றுவது இதனாலேயே. வெயிலைத் தாங்கும் மருந்திட்ட 200 மைக்ரான் விரிப்பே பொதுவாக மூன்றாண்டு அளவில்தான் உழைக்கின்றது. இரும்புச் சட்டம் பல்லாண்டு நிற்கும். கடன் தவணையும் நீளும். தவணை முடியுமுன் விரிப்புக் கிழிந்து, மறு விரிப்புக்குப் பணமின்றி நின்றால், விளைச்சல் இன்றியே தவணை கட்டும் நிலை அங்கத்தினருக்கு ஏற்படும்.

"தரம் பார்ப்பது வியாபாரியின் பொறுப்பல்லவா?" என்று கேட்பாரும் உளர். வியாபாரியின் கணக்குப் பட்டியல் தீர்ந்த அன்றே முடிந்துவிடும். கடன் கணக்கோ அங்கத்தினர் பெயரில் சங்கப் பேரேட்டில் நிற்கும்.

எனவே நிர்வாகக் குழுவினருக்கு நாம் கூறுவது இது. விரிப்புத் தேவைகளை ஒன்றுதிரட்டிக் கூட்டுக் கொள்முதல் செய்யுங்கள். ஒளி விடும் அளவு, வெப்பம் விடும் அளவு, கனம், உத்தரவாதக் காலம் ஆகிய நான்கையும் எழுத்தில் பெறுங்கள். சரக்கு வந்ததும் மைக்ரோமீட்டரால் பல இடங்களில் கனத்தை அளந்து பாருங்கள். விரிப்பு விலையில் மூன்றிலொரு பங்கை ஆண்டுதோறும் அங்கத்தினர் பெயரில் தனி வைப்பாகச் சேர்த்து வாருங்கள்.

அங்கத்தினர்கள் செய்ய வேண்டுவதும் ஒன்றுண்டு. தூசி படிந்த விரிப்பு, விலை கொடுத்து வாங்கிய ஒளியை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றது. அவ்வப்போது அதனைக் கழுவுங்கள். அதற்குச் செலவு தண்ணீரும் சிறிது உழைப்புமே.